பெரியம்மாவின் கண்மடல்

குழு: உப்புவெளி வீடு

வியாழன்

சாந்தி சித்தி: அக்காவை இன்று பத்திரகாளி அம்மன் கோயிலில் கண்டேன். வலது கண் பாதி மூடிக் கிடக்கிறது. விரலால் மடலைத் தூக்கிப் பிடித்துத்தான் அர்ச்சனைச் சீட்டை வாசிக்கிறா. வீட்டில் ஒருவருக்கும் தெரியாதா?

குமார்: தெரியும் சித்தி. கேட்டால் "எழுபது தாண்டியாச்சு, இனி என்ன" என்கிறா.

பெரிய மாமா கனடா: விளக்கெண்ணெய் பூசச் சொல்லுங்கள். கண் பயிற்சியும் இருக்கிறது. யூடியூப் லிங்க் அனுப்புகிறேன்.

தர்ஷி: லிங்க் வேண்டாம் மாமா 🙏 மடலைத் தூக்கும் தசைநார் தளர்ந்துபோயிருந்தால் எண்ணெய் அதை இழுத்துக் கட்டாது. குமார் அண்ணா, திடீரென்று தொங்கியதா, மெல்ல மெல்லவா? பொருட்கள் இரண்டாகத் தெரிகிறதா? கண்மணி ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருக்கிறதா?

குமார்: மெல்ல மெல்லத்தான். கற்றராக்ட் (கண்புரை) ஆபரேஷன் செய்த பிறகு கூடினது போல. மற்றது ஒன்றும் இல்லை.

தர்ஷி: அப்பாடா. ஒரே நாளில் தொங்கி, இரண்டாகத் தெரிந்து, கண்மணியும் விரிந்திருந்தால் மூளையின் இரத்தக்குழாய் ஒன்று வீங்கி நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். அப்படியென்றால் கிளினிக் நாள் பார்க்கக் கூடாது, அந்த நேரமே ஆஸ்பத்திரி.

சின்ன மாமி: பின்னேரத்தில் கூடுதலாகத் தொங்குகிறது. காலையில் பரவாயில்லை. நான் கவனித்தேன்.

தர்ஷி: அதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள் மாமி. மயஸ்தீனியா என்று ஒரு வருத்தம் இருக்கிறது. நரம்பு அனுப்பும் செய்தி தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது, பாவிக்கப் பாவிக்கக் களைக்கும். அதற்கு முதலில் குளிசைதான், மடலை வெட்டித் தைப்பதில்லை. மூடிய கண்ணில் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்துப் பார்ப்பார்கள். மடல் நிமிர்ந்தால் அந்தச் சந்தேகம் கூடும், பிறகு இரத்தப் பரிசோதனை.

சின்ன மாமி: பிரிட்ஜில் ஐஸ் இருக்கிறது. வைக்கவா?

தர்ஷி: மாமி 😂 அளந்து பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்கட்டும்.

பெரியம்மா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன், ஞாபகம் இருக்கட்டும். பேரப்பிள்ளை கண்ட வயதில் வடிவுக்கு ஆபரேஷன் செய்தால் ஊர் சிரிக்கும்.

தர்ஷி: வடிவுக்கு இல்லைப் பெரியம்மா. மடல் கண்மணியை மறைத்தால் மேல்பக்கப் பார்வை குறையும். நெற்றியைச் சுருக்கிச் சுருக்கி மடலைத் தூக்குவதால் தலையிடியும் வரும். வருகிறதா?

பெரியம்மா: வருகிறது. கண்ணாடி மாற்ற வேணும் என்று நினைத்தேன்.

சாந்தி சித்தி: கேட்டியா குமார்? நாளைக்கே நம்பர் எடு.

தர்ஷி: கிளினிக் கொப்பியும் பழைய படமும் கொண்டுபோங்கள். எப்போதிலிருந்து தொங்குகிறது என்று படத்தில்தான் சரியாகத் தெரியும்.

சின்ன மாமி: [படம்] கோணேசர் கோயில், 2011. இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருக்கிறது. சேலை என்னுடையது, இன்னும் திரும்பி வரவில்லை.

வெள்ளி

குமார்: போய் வந்துவிட்டோம். புருவத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே பார், மேலே பார் என்றார் டொக்டர். மடல் 13 மில்லிமீற்றர் அசைகிறது, தசை நல்ல பலமாம். ஆனால் கண்மணியின் நடுவிலிருந்து மடல் விளிம்புக்கு 4, 5 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் 1 தான். ஐஸ் வைத்தும் மாற்றமில்லை. தசைநார் விலகியிருக்கிறது என்கிறார்.

சாந்தி சித்தி: பாவாடை நாடா நைந்தால் பாவாடை இறங்கும். அதுதானே?

தர்ஷி: சித்தி முந்திவிட்டீர்கள் 😂 ஓம், அதுதான். மடலின் மடிப்பிலேயே வெட்டி, நாரை இழுத்து மடலுக்குள் இருக்கும் கெட்டித் தகட்டில் தைப்பார்கள். தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். தசைக்கே பலம் இல்லையென்றால் இது சரிவராது, மடலை நெற்றித் தசையோடு கட்டித் தொங்கவிட வேண்டும். பிறவியிலேயே தொங்கும் பிள்ளைகள் பலருக்கு அப்படித்தான். பிள்ளைக்கு மடல் கண்மணியை மூடினால் வளரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூடிய கண்ணில் பார்வை வளராமல் போய்விடும்.

பெரியம்மா: மயக்கித்தானே வெட்டுவார்கள்?

தர்ஷி: இல்லை, அந்த இடம் மட்டும் விறைக்க ஊசி. இடையில் கண்ணைத் திறக்கச் சொல்லி, மற்றக் கண்ணோடு ஒப்பிட்டுத் தையலைக் கூட்டிக் குறைப்பார்கள். தூங்கினால் அது முடியாதே.

பெரியம்மா: கத்தி கண்ணுக்கு முன்னால் வரும்போது நான் திறக்க வேணுமாம். நல்ல கதை.

பெரிய மாமா கனடா: நூற்றுக்கு நூறு சரியாகுமா?

தர்ஷி: அப்படி ஒருவரும் சொல்ல மாட்டார்கள் மாமா. கூடவோ குறையவோ தூக்குப்படலாம், சிலருக்குத் திரும்பவும் தைக்க வேண்டிவரும். ஒன்றைத் தூக்கினால் மற்றக் கண் கொஞ்சம் இறங்குவதும் உண்டு. இரண்டு மடலுக்கும் மூளை ஒரே அளவு கட்டளைதான் அனுப்பும். முதலில் கண் முழுதாக மூடாது, உலரும், அதற்குத் துளி மருந்து. வீக்கமும் நீலமும் ஓரிரு கிழமை. ஆபரேஷனுக்குப் பிறகு கடும் வலியோ பார்வை மங்கலோ வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

குமார்: அம்மா அஸ்பிரின் போடுகிறா. நிற்பாட்டவா?

தர்ஷி: நீங்களாக நிற்பாட்டாதீர்கள்! அது இருதயத்துக்குத் தந்தது. கண் டொக்டருக்கும் சொல்லுங்கள், இருதயக் கிளினிக்கையும் கேளுங்கள்.

குமார்: சரி. கொழும்புக் கண் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள்.

பெரிய மாமா கனடா: செலவு எவ்வளவு? நான் அனுப்புகிறேன்.

பெரியம்மா: அரசாங்க ஆஸ்பத்திரிக்கு என்ன செலவு? ரயில் ரிக்கற்றுக்கு அனுப்பு. லிங்க் அனுப்பாதே.

சாந்தி சித்தி: துணைக்கு நான் வருகிறேன் அக்கா. வெள்ளவத்தையில் தங்கலாம், துளி மருந்தும் நானே விடுகிறேன்.

பெரியம்மா: வா. ஆனால் ரயிலில் வேறு பெட்டியில் படு. உன் குறட்டைக்கு ஒரு டொக்டரும் கடிதம் தருவதில்லை.