மகளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? சங்கப் பாடல் ஒன்று தேவை

வணக்கம். பெண்ணின் குணம் பிறவியா, வளர்ப்பா என்பது என் முதுகலை ஆய்வேடு. நற்றிணை 110-இல் சிக்கி நிற்கிறேன். பொற்கலத்துப் பாலைக் குடிக்காமல் ஓடி, நரைத்த செவிலியரை (வளர்ப்புத் தாயரை) அலைக்கழித்த பெண், வறுமைப்பட்ட கணவன் வீட்டில் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள். ‘அறிவும் ஒழுக்கமும் யாண்டு உணர்ந்தனள்கொல்’ என்று வளர்த்தவளே வியக்கிறாள். எத்தனை முறை படித்தாலும் அந்தப் பட்டினி என்னை உறுத்துகிறது.

குறுந்தொகை 167 பார்த்தேன். தயிர் பிசைந்த விரலோடு, தாளிப்புப் புகை கண்ணில் பட, மணமான பெண் தானே சமைக்கிறாள். சொல்லித் தந்தவர் யாரென்று இல்லை. ஐங்குறுநூற்றுச் செவிலி கூற்றுப் பத்திலும் கிடைக்கவில்லை. மகனுக்கோ புறநானூறு 312-இல் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என நால்வரின் கடன்! இரண்டு வாரத்தில் இயலை ஒப்படைக்க வேண்டும்.

மகளுக்கு இன்னார் கற்பித்தார் என்று வெளிப்படையாகச் சொல்லும் சங்கப் பாடல் எது?