புதுப்பிப்பு: ஒழுகிய மீன்தொட்டி சரியாகிவிட்டது

ஈரோட்டில் வாங்கிய பழைய மூன்றடித் தொட்டி மூலையில் ஒழுகுகிறது, அந்த இடத்தில் மட்டும் சிலிகான் பசை பூசலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பூசினேன், இரண்டே நாளில் மறுபடி கசிந்தது. பழைய சிலிகான்மேல் புதியது சரியாகப் பிடிக்காது.

அப்புறம் உள்பக்க ஓரப்பூச்சு முழுவதையும் பிளேடால் சுரண்டினேன். ஒரு ஞாயிறு முழுக்க அதற்கே போயிற்று. கண்ணாடிகளுக்கு இடையில் இருக்கும் ஒட்டைத் தொடவில்லை. அசிட்டோனால் துடைத்து, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானைப் பூசினேன். அந்த மருந்து மீனுக்கு ஆகாது. புளித்த வாடை அடங்க ஒரு வாரம் விட்டேன். கண்ணாடியில் படிந்த போர்த் தண்ணீரின் உப்புக்கறைக்கு வினிகரில் நனைத்த துணி போதும்.

விளிம்புவரை நிரப்பி மூன்று நாளாகிறது. அடியில் விரித்த செய்தித்தாள் நனையவே இல்லை! பாப்பா இப்போதே கப்பி மீன் கேட்கிறாள்.