பத்துமலைக்கு ரயில் 2010-லதான் வந்துச்சா?

செந்தூல்வாசி: "பத்துமலைக்கு ரயில் வந்ததே 2010-லதான்"னு ஒரு புண்ணியவான் பதிவு போட்டுட்டார், கீழே எல்லாரும் கைதட்டுறாங்க. 2010 ஜூலை 29-ல வந்தது கொமுட்டர், அதாவது கோலாலம்பூர் வட்டாரத்துல ஓடுற மின்சாரப் பயணிகள் ரயில். ரயில் வெள்ளைக்காரன் காலத்துலயே வந்தாச்சு. கோலாலம்பூர் செந்தூல்ல பிரியுற ஒற்றைப் பாதை, சுண்ணாம்புக்கல் ஏத்துறதுக்கு. தைப்பூச ஸ்பெஷல் வண்டியும் அதுலதான் போச்சு.

கம்பிரயில்: அந்தப் புண்ணியவான் நான்தான். கல்லு ஏத்துன பாதையை எல்லாம் கணக்குல சேர்க்க முடியாது சார். கொமுட்டர் செந்தூலோட நின்னுச்சு. அதுக்கு மேல ஏழரை கிலோமீட்டர் இரட்டைப் பாதை, 25,000 வோல்ட் மின்கம்பி, பத்து கெந்தோன்மென், கம்போங் பத்து, தாமான் வாஹ்யு, பத்துமலைன்னு நாலு ஸ்டேஷன். எல்லாம் 2010.

செந்தூல்வாசி: கம்பி புதுசு, பாதை பழசு. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல அப்பவும் ஒரு மீட்டர் அகலம், இப்பவும் அதே ஒரு மீட்டர். ஸ்பெஷல் வண்டியில போன பக்தர்கள் என்ன, கல்லா?

டீசல்தம்பி: அண்ணே, பழைய பாதையில கொமுட்டரை அப்படியே விட்டுட முடியாது, ரெண்டும் திரும்புற விதமே வேற. கூட்ஸ் வண்டி கடைசி முனைக்கு வந்தா எஞ்சினைக் கழட்டி, பக்கத்து லைன்ல சுத்திவந்து மறுமுனையில மாட்டணும். கொமுட்டருக்கு ரெண்டு முனையிலயும் ஓட்டுநர் அறை. ஆள் நடந்து போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தா போதும். 2012-ல வந்த ஆறு பெட்டி வண்டியில அந்த நடையே நீளம். உள்ளே வர்ற வண்டி தாமதமானா, திரும்புறதும் தாமதம்தான்.

கம்பிரயில்: தம்பி சொன்னதும் என் கட்சிதான். 2010.

டீசல்தம்பி: நான் யார் கட்சியும் இல்ல.

லைன்வீட்டான்: எஞ்சினும் வோல்ட்டும் பேசுறீங்க, பாதையைப் போட்டவன் பேச்சையே காணோம். ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலி யாழ்ப்பாணத்தாருக்கு, ஜல்லி இடிச்சது தமிழ்நாட்டுல இருந்து வந்த நம்மாளு. மழையில அடிமண் சேறாகி ஜல்லிக்குள்ள ஏறும், தண்ணி வடியாது, வண்டி போறப்போ சிலிப்பர் கட்டை தூக்கித் தூக்கிப் போடும். அந்த ஜல்லியைத் தோண்டி எடுத்துச் சலிச்சு, திரும்பக் கட்டைக்கு அடியில குத்தி இறுக்கணும். எந்த வரலாற்றுல இருக்கு இது?

மணிக்கூண்டு: ஆரம்பிச்சிட்டாருய்யா. 1885-ல திறந்த தைப்பிங் – போர்ட் வெல்ட் ரயில் பாதையைப் போட வந்ததே இலங்கைப் பயோனியர் படைங்கிற வேலையாள் படை. அவங்க என்ன நாற்காலியில உட்கார்ந்தா தண்டவாளம் போட்டாங்க?

லைன்வீட்டான்: படைன்னு பேர் வச்சா உடனே மரியாதை வந்துடும். எங்க ஆளுங்களுக்குக் கூலின்னுதானே பேரு.

செந்தூல்வாசி: அது வேற சண்டை, வேற இடத்துல வச்சுக்குங்க. இங்க கேள்வி ஒண்ணுதான். 2010-க்கு முன்னாடி பத்துமலைக்கு ரயில் போச்சா, இல்லையா?

கம்பிரயில்: டிக்கெட் எடுத்து தினமும் வேலைக்குப் போற மாதிரி போகல.

செந்தூல்வாசி: "தினமும்" இப்பதான் முளைக்குது. உங்க பதிவுல "ரயில் வந்ததே"ன்னு இருக்கு. அதைத் திருத்துங்க முதல்ல.

கம்பிரயில்: திருத்த ஒண்ணுமில்ல.

மணிக்கூண்டு: திருத்துறதுன்னா இதையும் சேர்த்துத் திருத்துங்க. வண்டி போர்ட் கிள்ளானுக்குப் போகுதுன்னு போட்டிருக்கீங்க. அது பழைய கதை. இப்ப பத்துமலையில ஏறினா கடைசி ஸ்டேஷன் பூலாவ் செபாங்தான். போர்ட் கிள்ளானுக்கு நடுவுல மாறணும்.

கம்பிரயில்: நான் எழுதினது 2010 நிலவரம் ஐயா!

செந்தூல்வாசி: அப்போ 2010-க்கு முந்தின நிலவரத்தையும் எழுத வேண்டியதுதானே.

லைன்வீட்டான்: கூலின்னு சொன்னதுக்கு இன்னும் பதில் வரல, மணிக்கூண்டு சார்.