ஒரே கணினியில் பைதான் 3.8-உம் 3.12-உம்: முனையத்தில் சரியாக ஓடும் நிரல் கிரானில் நின்றுவிடுவது ஏன்?

தேக்கா_நிரலி:

அனைவருக்கும் வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் நான், இப்போது ஒரு சிறிய நிறுவனத்தில் வேலைப்பயிற்சி மேற்கொண்டு வருகிறேன். எனக்குத் தரப்பட்ட கணினியில் உபுண்டு 24.04 இயங்குகிறது, அதனுடன் வந்த பைதான் 3.12. நான் பராமரிக்க வேண்டிய நிரலோ பைதான் 3.8 காலத்தில் எழுதப்பட்டது. தினமும் அதிகாலையில் ஓடி, முந்தைய நாளின் சரக்கு விநியோகப் பதிவுகளை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேர்ப்பதுதான் அதன் வேலை. அதை 3.12-இல் ஓட்டினால் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற மாட்யூல் இல்லை என்று தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது.

மேற்பார்வையாளரின் அனுமதியுடன் அதே கணினியில் என் கல்லூரித் திட்டப்பணியையும் செய்கிறேன். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் சில பேருந்து நிறுத்தங்களுக்கு அடுத்து வரும் பேருந்துகளின் நேரத்தை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் சேவையிலிருந்து எடுத்துச் சேமிக்கும் நிரல் அது. அதற்கு 3.12 வேண்டும்.

ஆகவே ஒரே கணினியில் பல பைதான் பதிப்புகளை வைத்துக்கொள்ள உதவும் பைஎன்வ் கருவியை நிறுவி, 'பைஎன்வ் இன்ஸ்டால் 3.8' என்று கொடுத்தேன். 3.8.20 நிறுவப்பட்டது, இறுதியில் எஸ்கியூலைட், பீசிப்2 ஆகியவை பற்றி ஏதோ எச்சரிக்கைகள் வந்தன. நிறுவன நிரலின் கோப்புறைக்குள் 'பைஎன்வ் லோக்கல் 3.8.20' கொடுத்த பின், அங்கே 'பைதான்' என்று தட்டினால் 3.8.20 என்றுதான் காட்டுகிறது. ஆனால் மூன்று சிக்கல்கள் மீதம் உள்ளன.

முதலாவது, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரான் மூலம் ஓடும்போது மட்டும் பழைய பிழையே திரும்பி வருகிறது, அதாவது 3.12 தான் ஓடுகிறது. இரண்டாவது, முனையத்தில் 3.8-இல் ஓட்டினால் 'எஸ்கியூலைட்3' மாட்யூல் கிடைக்கவில்லை என்கிறது. மூன்றாவது, இந்தக் கோப்புறையில் பிப் மூலம் நிறுவிய லைப்ரரிகள், 3.8 பயன்படுத்தும் வேறொரு கோப்புறையிலும் தென்படுகின்றன. தனித்தனியாக இருக்கும் என்றல்லவா நினைத்தேன்?

கணினியின் பைதான்3 இணைப்பையே 3.8-க்கு மாற்றிவிட்டால் எல்லாம் ஒரே அடியில் தீர்ந்துவிடும் என்கிறார் உடன் வேலை செய்பவர் ஒருவர். அவ்வாறு செய்யலாமா?


ஜூரோங்_ஷெல்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். உபுண்டுவின் பல கருவிகள் அதனுடன் வந்த பைதானை நம்பியே எழுதப்பட்டவை. யூஎஸ்ஆர்-பின் கோப்புறையில் உள்ள பைதான்3 இணைப்பை வேறு பதிப்புக்குத் திருப்பினால், 'ஏபிடி-பிகேஜி' மாட்யூல் இல்லை என்ற பிழை கிளம்பும். களஞ்சியம் சேர்க்கும் கட்டளை முதலியவை படுத்துவிடும். அலுவலகக் கணினியில் அந்த விளையாட்டு தேவையில்லை.

மற்றவற்றுக்கு வருவோம். பைஎன்வ் உண்மையில் செய்வது என்ன என்று தெரிந்துவிட்டால் உங்கள் மூன்று சிக்கல்களில் இரண்டு தாமாகவே விளங்கிவிடும். ரூபி மொழிக்காக எழுதப்பட்ட ஆர்பிஎன்வ் கருவியிலிருந்து கிளைத்த ஷெல் நிரல்களின் தொகுப்பு அது. 'ஷிம்ஸ்' என்ற கோப்புறையை, கட்டளைகளை எந்தெந்தக் கோப்புறைகளில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறியின் தலைப்பில் செருகி வைப்பதுதான் அதன் உத்தி. அந்தக் கோப்புறையில் 'பைதான்', 'பைதான்3', 'பிப்' என்ற பெயர்களில் சில வரிகளே உள்ள சிறு ஷெல் நிரல்கள் இருக்கும். பெரிய அலுவலகத்தின் வரவேற்பு மேசையைப் போல, அவை எந்த வேலையையும் தாமே செய்வதில்லை. வந்தவரை எந்த அறைக்கு அனுப்ப வேண்டும் என்று பார்த்து அனுப்பிவிடும்.

எங்கே அனுப்புவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. 'பைஎன்வ்-வெர்ஷன்' என்ற சூழல் மாறிக்கு மதிப்பு இருந்தால் அதுவே முடிவானது. 'பைஎன்வ் ஷெல்' கட்டளை அமைப்பது இதைத்தான். அது இல்லையென்றால், நீங்கள் நிற்கும் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் 'பைதான்-வெர்ஷன்' கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் தாய்க் கோப்புறை, அதற்கும் மேலே என்று ஏறிக்கொண்டே போகும். அங்கும் கிடைக்காவிட்டால் 'பைஎன்வ் குளோபல்' எழுதி வைத்த பதிப்பு. அதுவும் இல்லையென்றால் கணினியின் சொந்தப் பைதான். 'பைஎன்வ் வெர்ஷன்ஸ்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்: தேர்வாகியுள்ள பதிப்பின் அருகே நட்சத்திரக் குறியும், அந்தத் தேர்வு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்ற விவரமும் ஒரே வரியில் இருக்கும். அந்த விவரத்தைப் படிக்காமல் பதிப்பு எண்ணை மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

இப்போது கிரான். முனையத்தைத் திறக்கும்போது படிக்கப்படும் உங்கள் பேஷ்ஆர்சி அமைப்புக் கோப்பை அது படிப்பதில்லை. ஆகவே ஷிம்ஸ் கோப்புறை அதன் பாத் மாறியில் இல்லை. 'பைதான்3' என்று கேட்டால் யூஎஸ்ஆர்-பின்னில் உள்ள 3.12 தான் கிடைக்கும். பாத் மாறியை மட்டும் கிரானில் சேர்த்தாலும் வேலை முடியாது, ஏனென்றால் கிரான் வேலையைத் தொடங்குவது உங்கள் ஹோம் கோப்புறையில். நீங்கள் 'லோக்கல்' அமைத்த கோப்புறையில் அன்று. பைஎன்வ் நிற்கும் இடத்தைப் பார்த்து முடிவெடுக்கும் கருவி என்பதால், ஆளில்லாமல் ஓடும் வேலைகளுக்கு ஷிம்களை நம்பாமல் நேரடி முழுப் பாதையைத் தருவதே சரியானது. எந்தப் பாதை என்பதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது சிக்கலில் நீங்கள் இரண்டு வேலைகளை ஒன்றாகக் கருதியிருக்கிறீர்கள். எந்தப் பைதான் என்பதை முடிவு செய்வது பைஎன்வின் பொறுப்பு. எந்த லைப்ரரிகள் என்பதைப் பிரித்து வைப்பது, மெய்நிகர் சூழல்களை உருவாக்கும் வென்வின் பொறுப்பு. 3.8.20-இல் பிப் நிறுவும் எதுவும் பைஎன்வ் கோப்புறைக்குள் இருக்கும் 3.8.20-இன் சைட்-பேக்கேஜஸ் என்ற லைப்ரரிக் கோப்புறையில்தான் போய் உட்காரும். அந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் எல்லாக் கோப்புறைகளுக்கும் அது பொதுச் சொத்து. ஆகவே நிறுவன நிரலின் கோப்புறைக்குள் 'பைதான் -எம் வென்வ்' கட்டளையால் ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கி, லைப்ரரிகளை அதற்குள் நிறுவுங்கள். பைதான் 3.3 முதல் வென்வ் உடன்வருவதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

அதன்பின் கிரான் வரியில், அந்தச் சூழலின் பின் கோப்புறையில் இருக்கும் பைதானின் முழுப் பாதையை எழுதி, அதை அடுத்து நிரலின் முழுப் பாதையைக் கொடுங்கள். சூழலை 'ஆக்டிவேட்' செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பைதான், தன் லைப்ரரிகள் எங்கே உள்ளன என்பதைப் பக்கத்தில் இருக்கும் அமைப்புக் கோப்பைப் பார்த்துத் தானே அறிந்துகொள்ளும்.


உட்லண்ட்ஸ்_வாசி:

எஸ்கியூலைட் பற்றி மேலே யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். பைஎன்வ், சீபைதானின் மூல நிரலைப் பதிவிறக்கி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்கிறது. அந்த நேரத்தில் எஸ்கியூலைட்டின் 'டெவ்' தொகுப்பு, அதாவது கம்பைல் செய்யத் தேவைப்படும் கோப்புகள் அடங்கிய தொகுப்பு, கணினியில் இல்லையென்றால், அந்த மாட்யூல் இல்லாமலேயே பைதான் உருவாகிவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் இல்லாவிட்டால் நிறுவலே தோல்வி அடையும். எஸ்கியூலைட்டும் பீசிப்2-உம் இல்லாவிட்டால் எச்சரிக்கை மட்டும் வரும். நீங்கள் பார்த்த 'ஏதோ எச்சரிக்கைகள்' அவையே.

எஸ்கியூலைட், பீசிப்2, ரீட்லைன், எல்இசட்எம்ஏ, எஃப்எஃப்ஐ ஆகியவற்றின் டெவ் தொகுப்புகளை ஏபிடி மூலம் நிறுவிய பின், '--ஃபோர்ஸ்' சேர்த்து 3.8.20-ஐ மறுபடி நிறுவுங்கள். தொகுப்புகளை மட்டும் நிறுவிவிட்டு மறுபடி கம்பைல் செய்யாமல் விட்டால் ஒன்றும் மாறாது.

கம்பைல் செய்யும் தொல்லையே வேண்டாம் என்றால் யூவி என்ற கருவியைப் பார்க்கலாம். முன்பே கம்பைல் செய்யப்பட்ட பைதானைப் பதிவிறக்குவதால் டெவ் தொகுப்புகள் பற்றிய கவலை இல்லை. 'பைதான்-வெர்ஷன்' கோப்பையும் அது மதிக்கும். மெய்நிகர் சூழலையும் அதுவே உருவாக்கித் தரும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இப்போது அதையே பரிந்துரைப்பேன். நீங்கள் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டதால் பைஎன்விலேயே முடித்துவிடுங்கள்.


பழைய_முனையம்:

தம்பி, மேலே இருவரும் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் 3.8 உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பதை யாரும் கேட்கவில்லை.

நீங்கள் சொல்லும் ஒரே தடை டிஸ்ட்யூட்டில்ஸ். அது 3.10-இல் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டு, 2023 அக்டோபரில் வெளியான 3.12-இல் நீக்கப்பட்டது. சாதாரண அலுவலக நிரல்கள் அதிலிருந்து பயன்படுத்துவது பெரும்பாலும் இரண்டே பொருள்கள்தாம்: 'ஆம்', 'இல்லை' போன்ற சொற்களை உண்மை, பொய் மதிப்பாக மாற்றும் 'ஸ்டிஆர்-டூ-பூல்' செயற்கூறு ஒன்று, பதிப்பு எண்களை ஒப்பிடும் 'லூஸ்வெர்ஷன்' மற்றொன்று. முதலாவதைச் சில வரிகளில் நீங்களே எழுதிவிடலாம். இரண்டாவதற்குப் 'பேக்கேஜிங்' என்ற லைப்ரரி இருக்கிறது. ஆனால் ஒழுங்கற்ற பதிப்பு எண்களை அது ஏற்காது என்பதால், உங்கள் தரவில் எப்படிப்பட்ட எண்கள் வருகின்றன என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். உடனடியாக எதையும் தொட முடியாத நிலை என்றால், 3.12-இன் மெய்நிகர் சூழலில் 'செட்அப்டூல்ஸ்' தொகுப்பை நிறுவுங்கள்; டிஸ்ட்யூட்டில்ஸின் ஒரு பிரதி அதனுடன் வருவதால், பழைய இம்போர்ட் வரிகள் அப்படியே ஓட வாய்ப்புண்டு.

நான் இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. 3.8-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. நீங்கள் நிறுவிய 3.8.20 தான் அந்த வரிசையில் கடைசி. வாடிக்கையாளரின் முகவரிகள் அடங்கிய பதிவுகளைக் கையாளும் நிரலைத் திருத்தம் வராத பதிப்பில் ஓட விட்டுவிட்டு, வேலைப்பயிற்சி முடிந்ததும் நீங்கள் கல்லூரிக்குத் திரும்பிவிடுவீர்கள். அதன்பின் அதை யாரும் தொடப்போவதில்லை. பைஎன்வின் சிறந்த பயன் இந்த இடத்தில்தான்: நிரல் இன்று 3.8-இல் தரும் வெளியீட்டையும் 3.12-இல் தரும் வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 'பைஎன்வ் லோக்கல் 3.12 3.8' என்று இரண்டு பதிப்புகளையும் ஒருசேரக் கொடுக்கலாம். 'பைதான்' என்றால் முதலாவது, 'பைதான்3.8' என்றால் இரண்டாவது. இதற்கு 3.12-ஐயும் பைஎன்வ் வழியாக நிறுவியிருக்க வேண்டும்.

இந்த மாற்றத்தை மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.


தேக்கா_நிரலி:

மூவருக்கும் மிக்க நன்றி. டெவ் தொகுப்புகளுடன் மறுபடி நிறுவிய பின் எஸ்கியூலைட் வேலை செய்கிறது. கிரான் வரியில் மெய்நிகர் சூழலின் முழுப் பாதையைக் கொடுத்ததும் அதிகாலை வேலையும் ஒழுங்காக ஓடியது. நிரலைத் தேடிப் பார்த்தபோது, பழைய_முனையம் ஐயா சொன்னது போலவே, அதில் ஸ்டிஆர்-டூ-பூல் மட்டும்தான் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. மேற்பார்வையாளர் 3.12-க்கு மாற்றச் சம்மதித்துவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்கும் வரை 3.8 இருக்கட்டும் என்றார்.

இன்னும் ஒரு கேள்வி. 'பைதான்-வெர்ஷன்' கோப்பைக் கிட் களஞ்சியத்தில் சேர்க்கலாமா?


ஜூரோங்_ஷெல்:

சேர்க்கலாம், ஆனால் அதில் 3.12 என்று மட்டும் எழுதுங்கள். கடைசி எண் வரை குறிப்பிட்டால், அதே பதிப்பை நிறுவாத மற்றவர்களுக்குப் 'பதிப்பு நிறுவப்படவில்லை' என்ற பிழை வரும். புதிய பைஎன்வ், 3.12 என்பதை அவரவர் கணினியில் உள்ள ஆக அண்மைய 3.12 என்று எடுத்துக்கொள்ளும். மெய்நிகர் சூழலின் கோப்புறையை மட்டும் களஞ்சியத்தில் சேர்க்காதீர்கள். அதற்குள் உங்கள் கணினியின் முழுப் பாதைகள் பதிந்திருக்கும் என்பதால் வேறு கணினியில் அது உதவாது. ஒப்பீடு முடிந்து 3.8.20-ஐ நீக்கும் முன், கிரான் வரி புதிய 3.12 சூழலுக்கு மாறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சூழலின் பைதான், பைஎன்வ் கோப்புறையில் உள்ள 3.8.20-க்கான வெறும் இணைப்பு. மூலத்தை நீக்கினால் அதுவும் உடனே செயலிழந்துவிடும்.