பல்கர் காலியாக மூணு மணி நேரம் ஆகுது, அவசரம்!

ஓமலூர்_கல்
வணக்கம். பல்கர், அதாவது தூள் சரக்கைக் காற்றழுத்தத்தில் தள்ளி இறக்குகிற டேங்கர் லாரி, காலியாக மூணு மணி நேரம் ஆகிறது. போன மாதம் வரை ஒரு மணி நேரத்துக்குள் காலியாகிவிடும். இப்போதும் ஒரு வண்டி நிற்கிறது, டிரைவர் சத்தம் போடுகிறார். என்ன செய்யலாம்? உடனே சொல்லுங்க.

சங்ககிரி_ஸ்டியரிங்
என்ன சரக்குங்க? சிமெண்டா, சாம்பலா? எத்தனை டன்? டேங்கின் பிரஷர் கேஜ் எவ்வளவு காட்டுது? ஒரே வண்டிக்கா, வருகிற எல்லா வண்டிக்குமா? ஒன்றுமே சொல்லாமல் உடனே சொல்லுங்க என்றால் எப்படி?

மிளகுக்கொடி
மழைதான். ஐப்பசி ஈரத்தில் சாம்பல் உருண்டை கட்டும். எங்க ஏற்காட்டில் உப்பு ஜாடியே தண்ணீர் விட்டு நிற்கிறது.

ஓமலூர்_கல்
மன்னிக்கணும். மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல், 28 டன். செங்கல் போடுகிறோம். எல்லா வண்டிக்கும் இதே கதைதான். கேஜ் 1.8 கிலோவில் நிற்கிறது.

பழைய_பிட்டர்
தம்பி, இது அரிச்சுவடி. கேஜ் ஏறவே இல்லையென்றால் கம்ப்ரஸர் வீக், அல்லது மேன்ஹோல் கேஸ்கெட்டில் காற்று கசிகிறது. ஏறி நின்றுகொண்டு சரக்கு வரவில்லையென்றால் முன்னால் எங்கோ அடைப்பு. கேஜ் இறங்கி, ஹோஸில் வெறும் காற்று சீறினால் டேங்கின் அடியில் காற்றைப் பரப்பிவிடுகிற கேன்வாஸ் போச்சு. சாம்பல் நடுவில் குழி விழுந்து ஓரத்தில் சுவர் மாதிரி நிற்கும். நாலாவது காரணம் கிடையாது. கம்ப்ரஸர் ஓடுகிறதா என்றாவது பார்த்தீர்களா?

ஓமலூர்_கல்
கம்ப்ரஸர் நன்றாகத்தான் ஓடுது சார்.

நாமக்கல்_டேங்க்
மேச்சேரி ரோட்டுக் குலுக்கலில் சாம்பல் அமுங்கியிருக்கும். டெலிவரி வால்வை மூடி வைத்து, அடியில் காற்று விட்டுக் கேஜ் ஏற்றி, அப்புறம் மெதுவாகத் திறக்கச் சொல்லுங்க. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியாது. டேங்க் கட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

சங்ககிரி_ஸ்டியரிங்
போன மாதம் வேறு ரோட்டிலா வந்தது? லாரியைப் பற்றிச் சங்ககிரிக்காரனுக்கே பாடமா? அது இருக்கட்டும், மூணு மணி நேரம் நிற்கிற வண்டிக்கு ஹால்டிங், அதான் காத்திருப்புக் கூலி, யார் தருவது?

நாமக்கல்_டேங்க்
லோடு ஏற்றும்போதே பேசியிருக்கணும். அதுவும் டேங்க் கட்டுகிறவன் தப்பா?

சங்ககிரி_ஸ்டியரிங்
யார் உங்களைச் சொன்னது? வாடகை ஒரு நடைக்குத்தான் வருது. டீசல் எரியறது எங்க வண்டியில்.

பிளான்ட்_நைட்ஷிப்ட்
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஓமலூர் அண்ணா, சாம்பல் போய் விழுகிற சைலோத் தொட்டியின் உச்சியைப் பார்த்தீங்களா? பிரஷர் மிஞ்சினால் திறக்கிற ரிலீஃப் வால்வு சாம்பல் கக்குதா?

ஓமலூர்_கல்
ஆமாம், ஷெட் கூரை முழுக்க விபூதி பூசின மாதிரி. கக்கும்போதெல்லாம் டிரைவர் டெலிவரி வால்வை மூடி, கொஞ்ச நேரம் விட்டுத் திறக்கிறார். அந்த ரிலீஃப் வால்வைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிடலாம் என்று மேஸ்திரி சொல்கிறார்.

பிளான்ட்_நைட்ஷிப்ட்
கட்டவே கட்டாதீங்க! சைலோ வெறும் தகரம், பல்கர் டேங்க் மாதிரி பிரஷர் தாங்காது, பிளந்துவிடும். உங்க மூணு மணி நேரம் அந்த மூடித் திறப்பதில்தான் போகிறது. சாம்பலோடு வருகிற காற்று மேலே ஃபில்டர் பை வழியாகத்தான் வெளியேறணும். பை அடைத்தால் காற்று எங்கே போகும்? பையைத் தட்டிவிட ஒரு காற்று அடிக்குமே, டப்... டப்... என்று. அந்தச் சத்தம் கேட்குதா?

ஓமலூர்_கல்
அது நின்று ஒரு மாதம் ஆச்சு. அந்தச் சின்ன கம்ப்ரஸர் பெல்ட் அறுந்து கிடக்கிறது. இறக்குவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று விட்டுவிட்டோம்.

பழைய_பிட்டர்
கம்ப்ரஸர் ஓடுகிறதா என்று கேட்டேனே!

ஓமலூர்_கல்
லாரி கம்ப்ரஸர் என்று நினைத்தேன் சார்.

பழைய_பிட்டர்
நான் சொன்ன இரண்டாவது காரணம்தான் இது. முன்னால் அடைப்பு.

பிளான்ட்_நைட்ஷிப்ட்
சரி சார். அண்ணா, பெல்ட் போட்டதும் கம்ப்ரஸர் டேங்கில் தேங்கின தண்ணீரை முதலில் வடித்துவிடுங்க. அது பைக்குப் போனால் சாம்பல் பூச்சாகிவிடும். மேலே ஏறும் முன் பல்கர் காற்றை முழுக்க விட்டு, கேஜ் பூஜ்ஜியம் காட்டினபிறகே ஹோஸைக் கழற்றுங்க.

(இரண்டு நாள் கழித்து)

ஓமலூர்_கல்
பெல்ட் மாற்றியாச்சு. ஆறு பை அப்பளம் மாதிரி விறைத்துப் போயிருந்தது, புதுசு போட்டோம். இன்றைய வண்டி 55 நிமிடத்தில் காலி. நன்றி.

மிளகுக்கொடி
ஈரம்தான் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

சங்ககிரி_ஸ்டியரிங்
அன்றைக்கு நின்ற டிரைவருக்கு ஹால்டிங் கொடுத்தீங்களா?