ஹாக்கருக்குப் பிறகு எது: லாட்டிட்யூடா, பிரேட்டர் 500-ஆ? ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

ஓடுபாதை27:
எங்கள் நிறுவனத்தின் சிறிய ஜெட் விமானமான ஹாக்கர் 800எக்ஸ்பி ஓய்வுக்குப் போகிறது. பட்டியலில் மிஞ்சியிருப்பவை இரண்டு: செஸ்னா சைட்டேஷன் லாட்டிட்யூட், எம்ப்ரேயர் பிரேட்டர் 500. விலை, கேபின் அலங்காரம் எல்லாம் மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். காக்பிட் பக்கத்துக் கருத்தை எழுதித் தரும் பொறுப்பு என்னுடையது. இரண்டில் ஒன்றையாவது ஓட்டியவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

வலவன்:
லாட்டிட்யூட். விமானத்தைச் சாய்க்கும் ஐலரானும் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் இன்னும் கேபிளில்தான் ஓடுகின்றன. வேகம் இறங்கும்போது யோக்கின் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடியின்) கனம் மாறுவது திரையைப் பார்ப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். ஹாக்கரில் பழகிய கைக்கு இது அந்நியமாகவே இருக்காது. புறப்பாட்டுக்கு 3,580 அடி போதும், பிரேட்டர் 4,222 அடி கேட்கிறது. இரண்டுமே கடல்மட்டத்தில், முழு எடையில், நிலையான வெப்பநிலையில் சொல்லப்படும் கணக்கு. குறுகிய ஓடுபாதைகளுக்கு அடிக்கடி போகிற நிறுவனம் என்றால் அந்த 640 அடி உங்களுக்குப் பெரிய வரம்.

மேகவழி:
வலவன் சார், புறப்பாட்டோடு நிறுத்திவிட்டீர்கள். இறங்கவும் வேண்டுமே! விளம்பரத் தாளில் லாட்டிட்யூடுக்கு 2,480 அடி, பிரேட்டருக்கு 2,086 அடி. வாடகைப் பறப்பில் ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் நின்றாக வேண்டும் என்பது விதி, அதாவது 1.67-ஆல் பெருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் அதற்கு மேல் இன்னும் 15 சதவீதம். இப்போது லாட்டிட்யூட் கேட்பது ஏறக்குறைய 4,760 அடி, பிரேட்டர் கேட்பது 4,000 அடி. மழையில், குறுக்குக் காற்றில் இறங்கப் போகும்போது எனக்கு இந்த 760 அடிதான் முக்கியம்.

அடுத்தது தூரம். நான்கு பயணிகளோடு லாட்டிட்யூடின் 2,700 கடல்மைலா, பிரேட்டரின் 3,340-ஆ? வேகமும் பிரேட்டரில்தான் கூடுதல்: லாட்டிட்யூட் 446 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்), பிரேட்டர் 466.

வலவன்:
வேகத்தையும் கணக்குப் போட்டே பார்ப்போம் தம்பி. 1,500 கடல்மைலுக்கு அந்த 20 நாட் மிச்சம் பிடித்துத் தருவது சுமார் 9 நிமிடம். இறங்கும் வரிசையில் ஏடிசி (வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு) ஒருமுறை ஹோல்டிங்கில் போட்டால், அதாவது வானிலேயே சுற்ற வைத்தால், அது அப்படியே கரைந்துவிடும். 3,340 கடல்மைலும் அப்படித்தான். மிட்சைஸ் (நடுத்தர அளவு) ஜெட்டில் அன்றாட வேலை இரண்டு மூன்று மணி நேரப் பறப்பு. கடல் தாண்டுவதே தொழில் என்றால் இந்த வகை விமானத்தையே வாங்க மாட்டார்கள்.

மேகவழி:
தூரம் போவதற்காக மட்டும் நான் அதைக் கேட்கவில்லை. டேங்கில் இடம் இருந்தால் போகிற ஊரில் எரிபொருள் நிரப்பாமலே திரும்பலாம். வானிலை மூடிக்கொண்டால் பறப்புத் திட்டத்தில் தொலைவில் உள்ள நல்ல மாற்று விமான நிலையத்தை எழுதலாம், ஹோல்டிங்கில் பதற்றமில்லாமல் சுற்றலாம். இறங்கும்போது விமானம் இவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு குறுக்கே வரும் என்பீர்கள். வரும்தான். ஆனாலும் எரிபொருள் கையில் இருக்கிற விமானியின் முடிவு வேறு, கணக்குப் பார்த்துக்கொண்டே வருகிறவரின் முடிவு வேறு.

மாக்92:
இரண்டுமே சாதுவான விமானங்கள். லியர்ஜெட் 60 ஓட்டிப் பாருங்கள். 51,000 அடி! மேகம், நெரிசல் எல்லாம் காலுக்குக் கீழே.

ஹேங்கர்மணி:
லியர் 60-ன் ஏற்றத்தை நானும் ரசித்தவன்தான். ஆனால் 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் கொலம்பியாவில் நடந்ததையும் அதோடு சேர்த்துப் பேச வேண்டும். காற்று மிகவும் குறைந்திருந்த டயர்கள் புறப்பாட்டு ஓட்டத்தில் வெடித்தன. வி-ஒன், அதாவது புறப்பாட்டைக் கைவிடக்கூடிய கடைசி வேகம், தாண்டிய பிறகு கேப்டன் நிறுத்த முயன்றார். சிதறிய துண்டுகள் சென்சாரைச் சேதப்படுத்தியதால் விமானம் தான் தரையில் இல்லை என்று எடுத்துக்கொண்டது. உந்துவிசையைத் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்சர் மூடிக்கொண்டு, உந்துவிசை முன்னோக்கியே போனது. ஆறு பேரில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த அழுத்தக் குறைவு கண்ணால் சுற்றிப் பார்த்தால் தெரியாது, கேஜ் வைத்தால்தான் தெரியும். எந்த விமானத்தை வாங்கினாலும் டயர் அழுத்தத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பாருங்கள், அளக்கவும் செய்யுங்கள்.

ஹாக்கரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. அதில் இறக்கையின் முன்விளிம்பில் கிளைகால் (glycol) என்ற திரவம் கசிந்து பனியைத் தடுக்கும். புதியவை இரண்டிலும் இன்ஜினிலிருந்து வரும் சூடான காற்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. திரவம் தீர்ந்துபோகுமோ என்ற கவலை போய்விடும். அதற்குப் பதிலாக, பனிமேகத்துக்குள் இறங்கும்போது திராட்டிலை (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) முழுக்க மூட முடியாது, சூடு போதாமல் போகும். இறக்கத்தைத் தொடங்கும் இடத்தையே மாற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

தாரகை:
நான் வலது இருக்கையில் இருப்பவள், துணை விமானி. பிரேட்டரின் ஃப்ளை-பை-வயர் (கையசைவைக் கணினி வாங்கி மின்சமிக்ஞையாக அனுப்பும் முறை) பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே? பக்கவாட்டில் இருக்கும் சிறு கைப்பிடியான சைட்ஸ்டிக்கை விட்டால் விமானம் அதே பாதையில் நிற்கும். கைப்பிடியின் கனத்தைப் போக்கும் டிரிம் போட வேண்டியதில்லை. முழுக்கப் பின்னால் இழுத்தாலும் ஸ்டாலுக்குள் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலைக்குள்) போக விடாது. மடிமேல் யோக் இல்லாததால் எதிரே மேசை கிடைக்கிறது. நாள் முழுக்க நாலைந்து செக்டர் பறந்த பிறகு இரவில் அப்ரோச் (இறங்குவதற்கான அணுகல்) செய்யும்போது இதன் அருமை தெரியும்.

வலவன்:
தாரகை, உங்கள் இடத்திலிருந்து அது வசதிதான், மறுக்கவில்லை. கேப்டனின் இடது இருக்கையிலிருந்து பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் ஸ்டிக்கை எவ்வளவு இழுக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் ஸ்டிக் அசையாது. 2009 ஜூன் 1-ஆம் தேதி ஏர் பிரான்ஸ் 447, ஏ330 விமானம், 228 உயிர்கள். துணை விமானி மூக்கை மேலே தூக்கிக்கொண்டே இருந்தது மற்றவருக்குக் கையால் தெரிய வழியில்லை. ஒன்றாக அசையும் யோக் இருந்திருந்தால் முழங்காலில் இடித்தே சொல்லியிருக்கும். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி500-ல் ஒன்று அசைந்தால் மற்றதும் அசைகிற ஸ்டிக் வைத்தார்களே, காரணமில்லாமலா?

தாரகை:
அதே ஆண்டு பிப்ரவரியில் கோல்கன் 3407 விழுந்தது சார். டாஷ் 8 கியூ400, இணைந்த யோக் உள்ள விமானம். ஸ்டாலைத் தவிர்க்கத் தானே இயங்கும் ஸ்டிக் புஷர் முன்னால் தள்ளத் தள்ள, கேப்டன் பின்னால் இழுத்தார். பக்கத்தில் இருந்தவர் முன்னாலும் யோக் அசைந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் 50 பேர் போனார்கள். கை அசைவது தெரிந்தால் மட்டும் போதாது, அது தவறு என்று சொல்லும் பழக்கம் அந்த காக்பிட்டில் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை யோக் கொண்டுவந்து தராது.

மேகவழி:
447-ல் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்கள் பனியில் அடைத்து வேகத் தகவல் போனதும் விமானம் ஆல்டர்னேட் லாவுக்கு (கணினிப் பாதுகாப்பு குறைந்த கட்டுப்பாட்டு விதிக்கு) இறங்கிவிட்டது. ஸ்டால் பாதுகாப்பு அப்போது இல்லை. ஆகவே சைட்ஸ்டிக் விமானம் வாங்குகிற நிறுவனம், கணினி விலகிய நிலையில் பறக்கும் பயிற்சிக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். அதை ஒதுக்காத இடத்துக்கு நான் பிரேட்டரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வலவன்:
இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சுற்றிச் சுற்றிச் சொல்கிறேன். சிறிய நிறுவனங்களில் அந்த சிமுலேட்டர் நேரம்தான் முதலில் வெட்டப்படும். லாட்டிட்யூடில் பறக்கும் கைக்கு இரண்டு விதிகள் கிடையாது. விசையைத் தானே சரிசெய்யும் ஆட்டோதிராட்டிலும் ஜி5000 காக்பிட் திரைகளும் இருக்கின்றன, பிறகென்ன குறை? டச்ஸ்கிரீன் மட்டும் கொந்தளிப்பில் படுத்தும். விளிம்பில் விரலை ஊன்றித்தான் தொட வேண்டும்.

ஓடுபாதை27:
எல்லோருக்கும் நன்றி. எங்களிடம் ஆறு விமானிகள். இரண்டு பேர் பறக்கத் தொடங்கியதிலிருந்து ஹாக்கரைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. ஆண்டுக்கு எத்தனை முறை சிமுலேட்டருக்கு அனுப்புவார்கள் என்பதை எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

மேகவழி:
அந்தப் பதில் வரும்வரை கருத்தை எழுதாதீர்கள். பதில் நன்றாக இருந்தால் பிரேட்டர் சோதனைப் பறப்பில் டைரக்ட் மோடில் (கணினிப் பாதுகாப்பு இல்லாத நிலையில்) ஒரு அப்ரோச் கேளுங்கள். அந்த இரண்டு பேரையும் கூட்டிப்போய் அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள்.

வலவன்:
கூட்டிப்போங்கள். அதே நாளில் லாட்டிட்யூடில் வி-ஒன்னில் ஒரு இன்ஜினை நிறுத்தச் சொல்லி, அதையும் அதே இரண்டு பேரிடம் கொடுங்கள். எனக்கு லாட்டிட்யூட்தான்.