பின்பக்க ஸ்ட்ரட் மாற்ற ஆரம்பித்து, பாதியில் நிற்கிறேன்

பின்சீட்டுக்காரன்:

வண்டி 2006 மாடல் செடான், முன்சக்கர இயக்கம், 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின்பக்கம் ரொம்ப நாளாகவே சரியில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கினால் இரண்டு மூன்று முறை தூக்கிப் போட்டுவிட்டுத்தான் அடங்கும். பின்னால் இருவர் உட்கார்ந்தால் பள்ளத்துக்குப் பள்ளம் 'டொம்' என்று இடிக்கிறது. அம்மா ஏறியதும் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்தால், இறங்கும்போதுதான் விடுகிறார். பின் டயரை உள்ளங்கையால் தடவினால் அலை அலையாகத் தேய்ந்திருப்பது தெரிகிறது.

குனிந்து பார்த்தேன். இடது ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கைத் தாங்கி, அதன் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) உடம்பு முழுக்க எண்ணெய் வழிந்து, அதன்மேல் புழுதி ஒட்டிக் களிம்பு மாதிரி இருக்கிறது. வலது பக்கம் காய்ந்துதான் இருக்கிறது. இரண்டுக்கும் புது ஸ்ட்ரட் வாங்கி வைத்திருக்கிறேன், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசரும் கையில் இருக்கிறது. காலையில் இடது பக்கத்தில் ஆரம்பித்தேன். மாட்டிக்கொண்டேன்.

சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை ஸ்ட்ரட்டோடு பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட்டில் மேல் போல்ட் வந்துவிட்டது. கீழ் போல்ட்டில் நட் கழன்றது, போல்ட் அசையவில்லை. தலையில் ஸ்பேனர் போட்டு, அதில் ஒரு நீளக் குழாயை மாட்டித் திருப்பினேன். 'கிரீச்' என்று ஒரு சத்தம், கால் சுற்று திரும்பியது, அவ்வளவுதான்.

டிக்கிக்குள் மேலே மூன்று சின்ன நட்டும், நடுவில் ஒரு பெரிய நட்டும் இருக்கின்றன. நடு நட்டை முதலில் எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் சுலபம் என்று தோன்றுகிறது. ஆனால் அதைத் திருப்பினால் உள்ளே இருக்கும் தண்டும் கூடவே சுற்றுகிறது. தூசி உறையை ஒதுக்கிவிட்டு, தண்டை கிரிப் பிளையரால் பிடித்துக்கொள்ளலாமா?

இன்னொன்று. வலது பக்கம் ஒழுகவில்லையே, அதை இப்போதைக்கு விட்டுவிடலாமா? வண்டி ஜாக்கியில் நிற்கிறது, கைப்பிரேக் போட்டிருக்கிறேன்.


ரிங் ஸ்பேனர்:

நடு நட்டைத் தொடாதீர்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன், விவரம் யாராவது எழுதுவார்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடுவதையும் உடனே நிறுத்துங்கள்.


மரை கழன்றவன்:

தம்பி, கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். வண்டி எங்கேயும் போய்விடாது. ஜாக்கியை நம்பினால் போனாலும் போகும், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் வண்டியில் கைப்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். அந்தச் சக்கரமே அந்தரத்தில் தொங்கும்போது அது எதைப் பிடித்து என்ன? முதல் கியரில் போட்டு, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்கம் இரண்டு ஓரத்தையும் தூக்கி, அடிவிளிம்பில் இதற்கென்றே அடையாளம் இருக்கும் இடத்தில் ஸ்டாண்ட் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு, அதன் முனையிலுள்ள லிங்க் ராடைக் கழற்ற விடாது. இரண்டும் தொங்கினால் சண்டை போடாமல் வரும்.

அப்புறம் நடு நட். சக்கரம் தொங்குகிறதே, ஸ்பிரிங்கும் தளர்ந்துதானே இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. ஸ்ட்ரட் முழுசாக நீண்ட நிலையிலும் அந்த ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது அந்த ஒரே நட். தண்டு கூடவே சுற்றியது உங்கள் நல்ல நேரம்.

என் முதல் வண்டியில் நான் நட்டைக் கழற்றவில்லை, கம்ப்ரசர் போட்டேன், அப்படியும் அடிபடப் பார்த்தேன். ஒரு பக்கம் கொக்கி சரியாக உட்காரவில்லை என்று இரண்டு கம்ப்ரசரையும் கிட்டக் கிட்ட மாட்டிவிட்டேன். இறுக்க இறுக்க ஸ்பிரிங் வில் மாதிரி வளைந்தது. வளைகிறதே என்று தெரிந்தும் இன்னும் இரண்டு சுற்று திருப்பினேன் பாருங்கள், அதுதான் கொழுப்பு. ஒரு கொக்கி நழுவி, கம்ப்ரசர் என் முழங்கையை உரசிக்கொண்டு போய்ப் பீரோவில் அடித்தது. அந்தப் பீரோக் கதவு இன்றைக்கும் ஒழுங்காகச் சாத்துவதில்லை.

ஆகவே, இரண்டு கம்ப்ரசரும் நேர் எதிர் எதிரே. மரையில் எண்ணெய் விட்டு, கை ஸ்பேனரால் இங்கே இரண்டு சுற்று, அங்கே இரண்டு சுற்று. இம்பாக்ட் கன் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். கம்ப்ரசரில் பூட்டுப் பின் (ஊசி) இருந்தால் போடுங்கள். ஸ்பிரிங்கின் இரண்டு முனைக்கும் நேராக முகமோ காலோ இருக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கும் தட்டிலிருந்து ஸ்பிரிங் விடுபட்டு, கையால் ஆட்டினால் ஆட வேண்டும். அதுவரை நடு நட்டின் மேல் ஸ்பேனரே விழக் கூடாது. அதற்குப் பிறகு, தண்டின் உச்சியில் அலன் கீ போடும் குழி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில் கீயை விட்டுத் தண்டைப் பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். கிரிப் பிளையர் என்ற பேச்சே கூடாது. பழைய தண்டு எப்படியும் போகப்போவதுதான், ஆனால் அதே கை பழக்கத்தில் புதியதையும் பிடிக்கும். பளபளப்பான தண்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஒவ்வொரு அசைவிலும் அது எண்ணெய் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

சிக்கிய போல்ட்டுக்கு வருவோம். இந்த வகைப் போல்ட் பலவற்றில் தலைக்கு அடியில் சின்னப் பற்கள் இருக்கும், அவை துளைக்குள் கடித்துக்கொண்டு நிற்கும். அதனால் தலையைத் திருப்பவே கூடாது. தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும். நீங்கள் கேட்ட 'கிரீச்' அந்தப் பற்கள் மழுங்கிய சத்தமாகத்தான் இருக்கும். போல்ட்டையும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது துருவுக்கு ஊறும் எண்ணெயை அடித்து அரை மணி விடுங்கள். நட்டைத் திரும்ப ஏற்றி, போல்ட் முனையோடு சமமாக நிறுத்துங்கள், அப்போதுதான் சுத்தியல் அடியில் மரை சிதையாது. நக்கிளுக்கு அடியில் ஜாக்கியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கிக்கொண்டே சுத்தியலால் தட்டுங்கள். துளையில் விழும் பாரம் நீங்கும் ஓர் இடம் வரும், அங்கே போல்ட் தானாக நழுவும். அதைத் தேடுவதுதான் வேலை, பலத்துக்கு அங்கே வேலையில்லை. காஸ் டார்ச் வைத்துச் சூடுபண்ணலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பக்கத்திலேயே பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ் இருக்கிறது.

மேல் போல்ட் ஏற்கெனவே வந்துவிட்டதே, வரும் முன், திரும்ப அதே கோணத்தில் சேர்க்க, நக்கிளும் ஸ்ட்ரட்டும் சேருமிடத்தில் பெயின்ட் கோடு போட்டீர்களா? இல்லையென்றால் வலது பக்கத்திலாவது போடுங்கள். ஆமாம், வலதையும் மாற்றத்தான் வேண்டும். ஒழுகாத ஸ்ட்ரட் நல்ல ஸ்ட்ரட் என்று அர்த்தமில்லை. கழற்றிய பிறகு கையால் அமுக்கிப் பாருங்கள், நீங்களே சொல்வீர்கள்.

கடைசி மேல் நட்டை எடுக்கும்போது கீழே ஒருவர் ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்க வேண்டும். அதற்கு முன் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் (சக்கர வேக சென்சார்) வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்துவிடுங்கள். நக்கிள் வெளியே சாயும், கம்பியால் கட்டி வையுங்கள், ஹோஸில் தொங்க விடாதீர்கள்.


கிரீஸ் கை:

அண்ணன் எழுதியதில் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். ஸ்பிரிங் வேலை பயமாக இருந்தால் ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி ஒரு பட்டறைக்கு எடுத்துப்போய், சுவரில் பொருத்திய பெரிய கம்ப்ரசரில் அதை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாம். நான் அப்படித்தான் செய்கிறேன், இதில் வெட்கம் ஒன்றுமில்லை. மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டை வண்டி உடலோடு பிடிக்கும் தட்டு), பம்ப் ஸ்டாப் (முழுசாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்), தூசி உறை மூன்றையும் புதிதாகப் போடுங்கள். என் வண்டியில் பழைய மவுண்டையே போட்டேன், மூன்றாம் மாதம் 'டக் டக்' என்று ஆரம்பித்தது. எல்லா நட்டையும் மறுபடி கழற்றியதுதான் மிச்சம்.


பின்சீட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டாண்ட் வைத்தேன், கட்டை கொடுத்தேன். பெயின்ட் கோடு போடவில்லை. அந்தப் போல்ட் ஜாக்கியை ஏழெட்டு முறை ஏற்றி இறக்கிய பிறகு, நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வியர்வையைத் துடைக்கும்போது, விரலால் தள்ளியதில் வந்தது. பற்கள் பாதி மழுங்கித்தான் இருந்தன.

ஸ்பிரிங்கைப் புது ஸ்ட்ரட்டுக்கு நானே மாற்றினேன். அலன் கீ 6 மி.மீ. பொருந்தியது. வலது ஸ்ட்ரட்டை அமுக்கிப் பார்த்தேன். பாதி தூரம் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கி, பிறகுதான் கொஞ்சம் பிடித்தது. விட்டதும் அங்கேயே கிடந்தது. புதியது அமுக்கவே கஷ்டம், விட்டால் தானாக மேலே வருகிறது.

இப்போது ஒரு பிரச்சினை. புதியதில் ஒன்றை அமுக்கும்போது முதல் இரண்டு அங்குலம் எதிர்ப்பே இல்லை, உள்ளே 'களுக்' என்கிறது. கெட்டதைக் கொடுத்துவிட்டார்களா? ஸ்பிரிங்கை மாட்டிய இன்னொன்றில், மவுண்டைத் திருப்பினால் ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளுகிறது.


மரை கழன்றவன்:

முதலாவது காற்று. பெட்டியில் படுத்தே கிடந்திருக்கும். இரட்டைக் குழாய் ஸ்ட்ரட்டில் படுக்க வைத்தால் வாயு உள்குழாய்க்குள் போய்விடும். நிமிர்த்திப் பிடித்து, மெதுவாக முழுசாக அமுக்கி முழுசாக நீள விடுங்கள், நாலைந்து முறை. 'களுக்' போய்விடும். போன பிறகு மறுபடி படுக்கப் போடாதீர்கள், நிமிர்ந்தபடியே வண்டியில் ஏற்றுங்கள். இதைச் செய்தும் அந்த வெற்று இடம் இருந்தால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்பிரிங்கின் கீழ் முனை அதற்கான படியில் முட்டவில்லை. கீழ்த் தட்டில் ஒரு படி இருக்கும், கம்பியின் வெட்டுமுனை அதில் போய் நிற்க வேண்டும். கம்ப்ரசரை மறுபடி இறுக்கி, சுற்றி உட்கார வையுங்கள். அப்படியே ஓட்டினால் முதல் பள்ளத்தில் தானாக உட்காரும், உங்கள் அம்மா அலறுவார். மேல் மவுண்டின் மூன்று போல்ட்டும் கீழே நக்கிள் பிடியும் பழையதில் எந்தக் கோணத்தில் இருந்தனவோ அதே கோணத்தில் வர வேண்டும், பழைய ஸ்ட்ரட்டைப் பக்கத்தில் நிறுத்தி ஒத்துப் பாருங்கள்.

நட்டெல்லாம் புதியது, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், கையேட்டில் உள்ள அளவு. சக்கரத்தைப் பிடிக்கும் பக்க ஆர்ம் எதையாவது தளர்த்தியிருந்தால் ரப்பர் புஷ் உள்ள அந்தப் போல்ட்டை மட்டும் சக்கரம் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும். கோடு போடாததால் இடது சக்கரம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அலைன்மென்டை (சக்கரக் கோணத்தைச் சரிபார்ப்பதை) தள்ளிப்போடாதீர்கள்.


பின்சீட்டுக்காரன்:

முடிந்தது. 'களுக்' நான்காவது அமுக்கலில் போய்விட்டது. இடது பக்கத்துக்கு ஒரு பகல் முழுக்க, வலதுக்கு இரண்டு மணி நேரம். அலைன்மென்டில் இடது பின்சக்கரம் மேல்பக்கம் வெளியே சாய்ந்திருந்ததாகச் சொன்னார்கள், அந்த இரண்டு போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்தார்கள். வேகத்தடையில் ஒரே இறக்கம், அத்தோடு அடங்குகிறது. தேய்ந்த டயரின் உறுமல் மட்டும் இருக்கிறது. அது டயரோடுதான் போகும் போல. அம்மா இன்னும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்.

பழைய ஸ்ட்ரட் இரண்டும் மூலையில் கிடக்கின்றன. வெட்டி எண்ணெயை வடித்துவிட்டுப் பழைய இரும்புக்குப் போடலாமா?


ரிங் ஸ்பேனர்:

வெட்டாதீர்கள். வாயு அடைத்த வகை என்றால் செத்த ஸ்ட்ரட்டிலும் அழுத்தம் மிச்சம் இருக்கும். பழைய இரும்பு எடுப்பவரிடம் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று சொல்லி அப்படியே கொடுங்கள்.